கேட்கத் தெரிந்தால் பாதி தீர்ந்தது

(பத்தாம் வகுப்பு மாணவி)



‘சர்வர்’ என்றவுடன், தோளில் துண்டுடன் வந்து ஒரே கையில் நான்கு தட்டுகளை ஏந்தி நிற்கும் ஓட்டல் பணியாளரே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். கணிப்பொறி உலகிலும் ஒரு சர்வர் உண்டு. நம் பாடநூல்கள் அதனைச் ‘சேவையகம்’ என்று அழைக்கின்றன. அந்தச் சர்வரில் இயங்கும் நிரல்களில் கோளாறு ஏற்படும்போது நிரல் எழுதுவோர் ஒருவருக்கொருவர் எவ்வாறு உதவிக்கொள்கிறார்கள் என்பதையும், அதிலிருந்து மாணவியராகிய நாம் கற்க வேண்டியது என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சர்வர் என்ன செய்கிறது?

ஓட்டலில் மேசை முன் அமர்ந்து மசால் தோசை கேட்கிறோம். சமையலறையில் மாவு ஊற்றப்படுகிறது; கிழங்கு வைத்து மடிக்கப்படுகிறது. நாம் காண்பது தட்டில் வரும் தோசையை மட்டுமே. வலைப்பக்கமும் அப்படித்தான். நம் கையிலுள்ள உலாவி என்னும் பிரௌசர் சாப்பாட்டு மேசை போன்றது. எங்கோ தொலைவில் இருக்கும் சர்வர் சமையலறை போன்றது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் பதிவெண்ணைத் தட்டச்சு செய்தால், சர்வரில் உள்ள நிரல் அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் தேடி, நம் பெயரையும் மதிப்பெண்ணையும் எடுத்து, நமக்கென்றே ஒரு பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிறது. அந்த நிரலை நாம் காண்பதில்லை. அதன் பலனை மட்டுமே காண்கிறோம்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. தோசை கருகி வந்தால் அடுப்புத் தீ அதிகமா, கல் சரியில்லையா, எண்ணெய் போதவில்லையா என்பதை மேசையில் இருந்தபடி அறிய முடியுமா? அவ்வாறே, சர்வரில் கோளாறு நேர்ந்தால் நம் திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றே வரக்கூடும். பொதுமக்கள் காணும் சர்வரில் பிழைச் செய்திகளைத் திரையில் காட்டாமல் மறைப்பதுதான் முறை. நிரலின் உள்விவரங்கள் தீயவர் கைக்குப் போய்விடக் கூடாதல்லவா? அச்செய்திகள் சர்வரில் உள்ள பிழைப் பதிவேட்டில் எழுதப்படும். அங்கே சென்று பார்க்க வேண்டும் என்பதே புதிதாக நிரல் எழுதுவோர் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்த ஒருவர் சொன்னால்தான் உண்டு.

உதவியால் வளர்ந்த ஒரு மொழி

சர்வர் நிரல்கள் எழுதப் பல மொழிகள் உள்ளன. அவற்றுள் பெயர் பெற்றது பி.எச்.பி. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் இம்மொழி இடம் பெற்றுள்ளது. தமிழ் விக்கிப்பீடியாவைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளும் இம்மொழியில் எழுதப்பட்டதே.

கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் பயின்ற ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-ஆம் ஆண்டில், தம்மைப் பற்றிய குறிப்புப் பக்கத்தை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காகச் சில சிறு கருவிகளை எழுதினார். ‘சொந்த முகப்புப் பக்கம்’ என்ற பொருளில் அவற்றுக்குப் பெயரிட்டார். 1995 ஜூன் மாதத்தில் அவற்றின் மூல நிரலை யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார். பெற்றவர்கள் பயன்படுத்தியதோடு நிற்கவில்லை. அதிலிருந்த பிழைகளைத் திருத்தியும் உதவினார்கள்.

1997-இல் இஸ்ரேல் நாட்டு மாணவர்களான ஆண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி ஆகிய இருவரும் தம் பல்கலைக்கழகப் பணி ஒன்றுக்கு அந்தக் கருவி போதாது என்று கண்டனர். குறை கூறிவிட்டுப் போகாமல், அதன் அடிப்படைப் பகுதியையே புதிதாக எழுதத் தொடங்கி, லெர்டார்ஃபுடனும் தொடர்பு கொண்டனர். மூவரும் பிறரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1998 ஜூன் மாதத்தில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. ஒரு மனிதரின் வீட்டு வேலையாகத் தொடங்கியது, ஊர் கூடி இழுத்த தேராயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அம்மொழியில் இரண்டு முக்காற்புள்ளிகளை அடுத்தடுத்து இடும் குறி ஒன்று இருக்கிறது. அக்குறிக்கு அவ்விருவரும் தம் ஹீப்ரு மொழியிலேயே ‘பாமாயிம் நெகுடோடாயிம்’ என்று பெயர் வைத்துவிட்டனர். ‘இரட்டை முக்காற்புள்ளி’ என்பதே பொருள். பல ஆண்டுகள் பிழைச் செய்தியிலும் அப்பெயரே வந்ததால், உலகெங்கும் புதியவர்கள் திகைத்தனர். ஆங்கில அகராதியைப் புரட்டினால் கிடைக்குமா? முன்பு அதே இடத்தில் திகைத்து நின்ற ஒருவர் சொன்னால் ஒரே நொடியில் விளங்கிவிடும்!

அடிக்கடி நேரும் கோளாறுகள்

சில கோளாறுகள் எல்லா நிரலர்க்கும் நேர்கின்றன. மூன்றை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, விட்டுப்போன அரைப்புள்ளி. ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி இட வேண்டும். 11-ஆம் வரியில் அதனை விட்டுவிட்டால், கணிப்பொறி பெரும்பாலும் 12-ஆம் வரியில் பிழை என்று சொல்லும். ஏனெனில் அடுத்த வரியைப் படிக்கும்போதுதான் ஏதோ பொருந்தவில்லை என்று அதற்குத் தெரிகிறது. ஆகவே, பிழைச் செய்தி காட்டும் வரியில் குற்றம் இல்லை என்றால் அதற்கு மேல் வரியையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ‘தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ என்னும் பிழை. சர்வர், பக்கத்தை அனுப்புமுன் அதைப் பற்றிய சில குறிப்புகளை அனுப்பும். கடித உறையின் மேல் எழுதும் முகவரி போன்றவை அவை. பக்கத்தின் ஓர் எழுத்து வெளியே சென்றுவிட்டாலும் பிறகு அக்குறிப்புகளை அனுப்ப இயலாது. தபால் பெட்டியில் போட்ட கடிதத்திற்கு முகவரி எழுத முடியாதல்லவா? நிரல் தொடங்குமுன் தவறி விழுந்த ஒரு வெற்று வரிகூட இப்பிழைக்குக் காரணமாகலாம். எந்தக் கோப்பில், எந்த வரியில் வெளியீடு தொடங்கியது என்பதையும் அந்தச் செய்தியே கூறுகிறது. ஆனால் பதற்றத்தில் நாம் செய்தியைக் கடைசி வரை படிப்பதில்லை.

மூன்றாவது, மேற்கோள் குறி. டி'குரூஸ், டி'சூசா போன்ற பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. இப்பெயரை அப்படியே தரவுத்தளக் கட்டளைக்குள் ஒட்டினால், பெயரின் நடுவே உள்ள குறியைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டது என்று தரவுத்தளம் எண்ணிக் குழம்புகிறது. இது வெறும் பிழை மட்டுமன்று. இதே வழியாகத் தீயவர்கள் தங்கள் கட்டளையையும் நுழைத்துவிடலாம். கட்டளையை முதலில் தனியே ஆயத்தம் செய்து, பெயரைப் பின்னர் தனியே கொடுப்பதே இதற்குச் சரியான வழி.

நான் கற்ற பாடம்

இவற்றையெல்லாம் நூலில் படித்த நான், கேட்பது எப்படி என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு முன்னாள் மாணவியர் சந்திப்புக்காக ஒரு பதிவுப் பக்கம் அமைக்கும் பொறுப்பைக் கணினி ஆசிரியையான சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்தார். பெயர், பள்ளியை விட்டுச் சென்ற ஆண்டு, தொலைபேசி எண், பள்ளி நாட்களைப் பற்றிய ஒரு நினைவு ஆகிய நான்கையும் அதில் எழுதலாம். என் பெயரை ஆங்கிலத்தில் தட்டிச் சோதித்தேன், சரியாக வந்தது. பெருமையுடன் சிஸ்டரிடம் காட்டினேன்.

சில நாட்கள் கழித்துப் பதிவுகளைத் திறந்தேன். 27 பேர் பதிந்திருந்தார்கள். தமிழில் எழுதப்பட்ட பெயர்களும் நினைவுகளும் ஒன்றுகூட இல்லை. அவற்றின் இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்!

நான் செய்த பெருந்தவறு அதற்குப் பிறகுதான். யாரிடமும் சொல்லவில்லை. ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கம். இரண்டு நாட்கள் நானே ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். பக்கம் திறந்தே இருந்தது. அந்த இரண்டு நாட்களில் மேலும் 14 பேர் பதிந்தார்கள். அவர்கள் எழுதியவையும் கேள்விக்குறிகளாயின.

மூன்றாம் நாள், பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவரிடம் சென்றேன்.

“அக்கா, தமிழ் வரமாட்டேன் என்கிறது” என்றேன்.

“எங்கே வரமாட்டேன் என்கிறது?” என்று கேட்டார் அக்கா.

எனக்கு விடை தெரியவில்லை. அக்கா முதலில் பக்கத்தை மூடச் சொன்னார். பிறகு ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்தார். உலாவி, நிரல், தரவுத்தளம். “பெயர் இந்த மூன்று வீடுகளைக் கடந்து போகிறது. எந்த வீடு வரைக்கும் தமிழாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்” என்றார். விசைப்பலகையை அவர் தொடவே இல்லை.

நிரலுக்கு வந்து சேர்ந்த பெயரைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். தமிழாகவே இருந்தது. தரவுத்தள அட்டவணையைத் திறந்து பார்த்தேன். கேள்விக்குறிகள். ஆகவே குற்றம் மூன்றாம் வீட்டின் வாசலில் இருக்கிறது! நிரலில் ‘யு.டி.எஃப்-8’ என்னும் எழுத்து முறையைக் குறிப்பிட்டிருந்த நான், அட்டவணையை உருவாக்கும்போது குறிப்பிடவில்லை. நாங்கள் பயன்படுத்திய மை எஸ்.கியூ.எல். தரவுத்தளம் பழைய பதிப்பு. அது தானாக ‘லத்தீன்-1’ என்னும் முறையை எடுத்துக்கொண்டுவிட்டது. மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. தமிழ் எழுத்து வந்தபோதெல்லாம் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு அது பேசாமல் இருந்துவிட்டது. 2018-இல் வந்த 8.0 பதிப்பு முதல் உலக மொழிகள் அனைத்தையும் ஏற்கும் முறையே இயல்பாக அமைந்துள்ளது.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் கேள்விக்குறியாகிப் போனவை திரும்பி வரவில்லை. எழுத்தே சேமிக்கப்படாதபோது எதனைக் கொண்டு மீட்பது?

சிஸ்டரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. “எண்கள் இருக்கின்றனவா?” என்று மட்டும் கேட்டார். லத்தீன்-1 முறையில் இலக்கங்களுக்கு இடம் உண்டு. ஆதலால் ஆண்டும் தொலைபேசி எண்ணும் தப்பியிருந்தன. “அப்படியானால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொள்” என்றார். நானும் இரண்டு தோழியரும் ஒரு வாரம் மாலை வேளைகளில் பள்ளித் தொலைபேசியருகே அமர்ந்தோம்.

1962-இல் பள்ளியை விட்டுச் சென்ற ஒரு பாட்டியம்மா, “பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன் அம்மா. போகட்டும், மறுபடியும் சொல்கிறேன், எழுதிக்கொள்” என்றார். தமக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லாதபோது தம் சம்பளத்திலிருந்து கட்டிய ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சொன்னார். என் குறிப்பேட்டில் நான்கு பக்கங்கள் ஆயின. 41 பேரில் 39 பேரிடம் பேசிவிட்டோம். இருவருடைய எண்களில் இன்றுவரை யாரும் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர், நான் வெட்கப்பட்டு வாய் மூடியிருந்த அந்த இரண்டு நாட்களில் பதிந்தவர்.

கேட்பது எப்படி?

அக்காவிடமும் பிறகு என் சொந்த அனுபவத்திலும் நான் கற்றவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று இரண்டையும் சொல்லுங்கள். மருத்துவரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் கூறினால் அவர் எங்கே தொட்டுப் பார்ப்பார்?

2. பிழைச் செய்தியை ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே கொடுங்கள். உங்கள் சொற்களில் சுருக்கிச் சொல்லாதீர்கள்.

3. எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லுங்கள். பழைய நூல்களில் உள்ள மை எஸ்.கியூ.எல். கட்டளைகளின் ஒரு தொகுதி, 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. ஏழாம் பதிப்பில் அறவே நீக்கப்பட்டுவிட்டது. பதிப்பைச் சொல்லாவிட்டால் சரியான அறிவுரையும் தவறாகிவிடும்.

4. நிரல் முழுவதையும் கொட்டாதீர்கள். தொடர்பில்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். பிழை மட்டும் மிஞ்சும் பத்து வரிகளைக் காட்டுங்கள். நீக்கிக்கொண்டு வரும்போதே காரணம் அகப்பட்டுவிடுவதும் உண்டு.

5. கடவுச்சொல்லையும் பிறருடைய தொலைபேசி எண்களையும் மறைத்துவிட்டே காட்டுங்கள்.

6. தீர்ந்த பிறகு, எதனால் தீர்ந்தது என்று சொல்லுங்கள். நாளை அதே இடத்தில் இன்னொருத்தி நிற்பாள்.

உதவுவது எப்படி?

உதவுகிறவருக்கும் சில கடமைகள் உண்டு. ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்கவே கூடாது. அந்த ஒரு கேள்விக்கு அஞ்சித்தான் நான் இரண்டு நாட்களை வீணாக்கினேன். இரண்டாவதாக, விசைப்பலகையைப் பிடுங்கி நாமே திருத்திவிடக் கூடாது. அப்படிச் செய்தால் பிழை போய்விடும்; அறியாமை போகாது. மூன்றாவதாக, நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக் கூடாது.

இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி என்னிடம் வந்தாள். “அக்கா, பெயருக்கு 30 எழுத்து வரை இடம் கொடுத்திருக்கிறேன். ‘மரியபுஷ்பம்’ என்று போட்டால் பெயர் மிக நீளம் என்கிறது” என்றாள். எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. வாய் வரை வந்த விடையை அடக்கிக்கொண்டு, “கணிப்பொறி எத்தனை என்று எண்ணுகிறது? அதையே அச்சிட்டுப் பார்” என்றேன். 33 என்று வந்தது. நம் கண்ணுக்கு அப்பெயரில் ஏழே எழுத்துகள். ஆனால் யு.டி.எஃப்-8 முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் தனித்தனிக் குறியீடுகள்; ஆக 11 குறியீடுகள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆக 33. அவள் பயன்படுத்திய கட்டளை எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணியிருக்கிறது. இதை அவளே விரல் விட்டுக் கூட்டிக் கண்டுபிடித்தாள். அப்போது அவள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் விடையைச் சொல்லியிருந்தால் கண்டிருக்க மாட்டேன்.

அருகில் கேட்க யாரும் இல்லை என்றால் என்ன செய்வது? மேலைநாட்டு நிரலரிடையே ஒரு வழக்கம் உண்டு. மேசை மேல் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, நிரலின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதனிடம் வாய்விட்டு விளக்குவார்கள். ஆண்டி ஹண்ட், டேவ் தாமஸ் ஆகியோர் 1999-இல் எழுதிய ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ என்னும் நூலால் இது பரவலாக அறியப்பட்டது. பொம்மை விடை சொல்வதில்லை. பிறர்க்கு விளங்கும்படி சொல்ல முயலும்போது நமக்கே விளங்கிவிடுகிறது.

முடிவுரை

நிரல் எழுதும் எவரும் பிழை செய்யாமல் இருப்பதில்லை. ஒருவர் தாம் எழுதியதைத் திறந்து காட்ட, மற்றவர் திருத்த, அதனால்தான் இவ்வளவு பெரிய கணிப்பொறி உலகம் இயங்குகிறது. கணக்குப் பாடத்திலும் இலக்கணப் பாடத்திலும்கூட நம்மில் எத்தனையோ பேர் புரியாததை மனத்தில் பூட்டி வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறோம். வெட்கத்தால் பிழை குறைவதில்லை. நாளுக்கு நாள் கூடுகிறது. அதற்கு என் குறிப்பேட்டில் உள்ள 14 பெயர்களே சாட்சி.

ஆகவே தோழியரே, தெரியாதபோது அன்றைக்கே கேட்போம், தெளிவாகக் கேட்போம். தெரிந்தபோது, கேட்பவள் மனம் நோகாமல் சொல்லிக் கொடுப்போம். அந்தப் பதிவுப் பக்கம் இப்போது சரியாக இயங்குகிறது. கிடைக்காமல் போன அந்த இரு அக்காமாரும் இம்மலரைக் காண நேர்ந்தால், தங்கள் பெயர்களை அன்புகூர்ந்து மறுமுறையும் எழுத வேண்டுகிறேன். இம்முறை அவை அழியா.